சமூகம் எழுதும் மென்பொருளை நம்பிக் கம்பெனி தொடங்குவது எப்படி? செட்டிநாட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு விலை கிடையாது. ஆனால் அதை வைத்தே மாதாமாதம் சம்பளம் போடும் கம்பெனிகள் பல நாடுகளில் இருக்கின்றன. 1999-ல், கையிலிருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும், நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலக அறக்கட்டளை ஒரு சிறு நிறுவனத்தைக் கொண்டு இதை எழுதி வாங்கியது. 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் ஊருக்கே பொதுவில் விட்டுவிட்டார்கள். இன்று அதற்கு முதலாளி என்று ஒருவரும் இல்லை. நூலகர்களும் நிரலாளர்களும் சேர்ந்து வளர்க்கிறார்கள்.

இப்படி ஒரு சமூகத் திட்டத்தைச் சுற்றி, காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ உட்கார்ந்துகொண்டு, ஒரு கம்பெனி நடத்த முடியுமா? முடியும். எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. கோஹாவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கம் அதற்கான தேவை கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தைச் சுற்றியும், திருப்பத்தூர், பொன்னமராவதி, புதுக்கோட்டை வரையிலும் எத்தனை கல்லூரி, எத்தனை பாலிடெக்னிக்! கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் மதிப்பீட்டில் நூலகம் கணினிமயமா என்ற கேள்வி தனியாகவே இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள், 1992-ல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், பட்டியல் போடாத தொகுப்புகள் இந்தப் பக்கத்து வீட்டு அலமாரிகளில் இன்னும் உண்டு. நீங்கள் எடுப்பது இணையவழிப் பாடத்துக்கான மூடிலாக இருக்கலாம், வணிக நிர்வாகத்துக்கான ஈஆர்பிநெக்ஸ்டாக இருக்கலாம். படிகள் பெரும்பாலும் இவைதான்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மென்பொருள் உங்களுடையது அல்ல, என்றைக்கும் ஆகாது. நீங்கள் விற்கப்போவது பொறுப்பு. திங்கட்கிழமை காலையில் புத்தகம் வாங்க வரிசை நிற்கும்போது சர்வர் படுத்துவிட்டால், ஃபோனை எடுத்து "அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணே" என்று சொல்ல ஒரு ஆள். கல்லூரி பணம் கொடுப்பது அந்த ஆளுக்குத்தான்.

முதல் படி: கம்பெனிக்கு முன்னால் ஆள் ஆகுங்கள்

பெரும்பாலோர் கம்பெனியைப் பதிவு செய்து, லோகோ வரைந்து, விசிட்டிங் கார்டு அடித்துவிட்டு அப்புறம் சமூகத்தின் கதவைத் தட்டுகிறார்கள். வரிசை தலைகீழ். குறைந்தது ஆறு மாதமாவது பெயர் தெரிந்த பங்களிப்பாளராக இருந்துவிட்டுக் கடை திறங்கள்.

கோஹாவில் ஒரு திருத்தம் எப்படி உள்ளே போகிறது என்று பாருங்கள். பிழையோ புது வசதியோ, முதலில் பக்ஸில்லா என்ற பிழைப் பதிவேட்டில் ஒரு எண்ணோடு பதிவாக வேண்டும். ஒருவர் பேட்ச், அதாவது திருத்த நிரல், எழுதிப் போடுவார். எழுதியவரே அதற்கு ஒப்புதல் போட முடியாது. இன்னொருவர் ஓட்டிப் பார்த்து, சொன்னபடி வேலை செய்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். பிறகு தரக்குழு ஒரு முறை பார்க்கும். அப்புறம்தான் வெளியீட்டு மேலாளர் கைக்குப் போகும். இந்தச் சங்கிலியில் எப்போதும் ஆள் பற்றாக்குறையாக இருக்கும் இடம் அந்த இரண்டாவது கையெழுத்து. பேட்ச் எழுத எல்லோருக்கும் ஆசை, அடுத்தவர் பேட்ச்சைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. நீங்கள் நுழைய வேண்டிய வாசல் அதுதான். இதற்கென்றே சோதனைத் தளங்கள் வைத்திருக்கிறார்கள். கணினியில் எதையும் நிறுவாமலே, பிரவுசரில் சோதித்துவிட்டு ஒப்புதல் தரலாம். நிரல் எழுதத் தெரியாத நூலகர்கூடச் செய்யலாம்.

அடுத்த வாசல் தமிழ். இடைமுக மொழிபெயர்ப்பில் விடுபட்டதையும் விகாரமானதையும் சரிசெய்யுங்கள். தேடல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கோஹாவோடு வரும் ஜீப்ரா தேடுபொறியை, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறையில் அமைக்காவிட்டால் தமிழ்த் தேடல் ஒழுங்காக வராது. இதைத் தெரிந்து வைத்திருப்பவர் என்ற பெயர் எந்த விளம்பரத்தையும் விடப் பெரிது. தமிழ்க் கட்டற்ற மென்பொருள் வட்டத்தில் கணியம் அறக்கட்டளை, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று கேள்விக்குப் பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அங்கேயும் போய் உட்காருங்கள்.

இரண்டாம் படி: உரிமத்தை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள்

எம்ஐடி, அப்பாச்சி போன்ற உரிமங்களில் நீங்கள் செய்த மாற்றத்தை மூடி வைத்து விற்கலாம். ஜிபிஎல்லில் மென்பொருளை இன்னொருவர் கையில் கொடுத்தால் மூல நிரலையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும். உங்கள் சர்வரில் ஓட்டி சேவையாக மட்டும் தந்தால் ஜிபிஎல் அதைக் கேட்பதில்லை. 2007-ல் வந்த ஏஜிபிஎல் அந்த இடைவெளியையும் அடைக்கிறது: இணையம் வழியாகப் பயன்படுத்துபவருக்கும் நிரல் கிடைக்க வேண்டும். ஜிபிஎல் மென்பொருளுக்குக் காசு வாங்குவது தப்பு என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. உரிமம் அப்படி எங்கும் சொல்லவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் அதை அடுத்தவருக்குச் சும்மா கொடுப்பதைத்தான் தடுக்க முடியாது.

இன்னொன்று, பதிப்புரிமை (காப்பிரைட்) யாரிடம் இருக்கிறது என்பது. மைஎஸ்க்யூஎல் மாதிரி ஒரே கம்பெனி எல்லா நிரலையும் வைத்திருந்தால் ஒரு பக்கம் ஜிபிஎல், இன்னொரு பக்கம் காசுக்குத் தனி உரிமம் என்று இரட்டை வியாபாரம் செய்யலாம். நூற்றுக்கணக்கானோர் எழுதிய சமூகத் திட்டத்தில் ஒவ்வொருவர் வரிக்கும் அவரவர் சொந்தக்காரர். அந்த வழி உங்களுக்கு இல்லை. "பிரீமியம் பதிப்பு" என்ற கனவை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: எதை விற்பது?

நிறுவித் தருவதில் காசு இல்லை. யூடியூப் பார்த்து மாணவர்களே செய்துவிடுகிறார்கள். பயிற்சியில் கொஞ்சம் உண்டு. உங்கள் சர்வரில் வைத்து நடத்தித் தருவதில் நிலையான வருமானம் உண்டு. மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் ஈஆர்பிநெக்ஸ்டை முழுக்கத் திறந்தே வைத்துக்கொண்டு, கிளவுடில் நடத்தித் தருவதில் சம்பாதிக்கிறது. ஆனால் காரைக்குடிக் கம்பெனிக்கு உண்மையான வேலையும், போட்டியே இல்லாத வேலையும், தரவு மாற்றம்தான்.

ஒரு கல்லூரி நூலகத்தின் பழைய பட்டியலைத் திறந்து பாருங்கள். எக்செல் கோப்பு. பாதிப் புத்தகங்கள் ஆங்கிலம், சிக்கல் இல்லை. தமிழ்ப் புத்தகங்கள் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகத் தெரியும். இடையில் புதிதாக வந்த ஒருவர் யூனிகோடில் அடித்திருப்பார். ஒரே பத்தியில் மூன்று குறியாக்கம். மாற்றி நிரல் ஒன்றை அப்படியே ஓட்டினால் ஆங்கிலத் தலைப்புகளும் சேர்ந்து தமிழாகிக் குப்பையாகிவிடும். எந்த வரி எந்தக் குறியாக்கம் என்று முதலில் பிரிக்க வேண்டும். அது முடிந்தால் பெயர்கள். 'சொ. முருகப்பா', 'முருகப்பா சொ', 'சொ.முருகப்பா செட்டியார்', 'முருகப்பன், சொ.' இந்த நாலும் கணினிக்கு நாலு ஆசிரியர்கள். இந்தப் பக்கத்துப் பெயர்களில் தலைப்பெழுத்தே 'ராம.', 'பழ.', 'மெ.சுப.' என்று நீளும். எது தலைப்பெழுத்து, எது பெயர் என்று வெளியூர்க்காரர் தடுமாறும் இடம் இது. பெயர்களை ஒன்றாக்கி, நூலகப் பட்டியலுக்கான மார்க் வடிவத்தில் உரிய புலங்களில் உட்கார வைத்து, கோஹாவில் ஏற்ற வேண்டும். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு கம்பெனி இதைத் தொட வராது, வந்தாலும் கட்டுப்படியாகாது. உங்களுக்குக் கட்டும்.

இதற்காக எழுதும் மாற்றி நிரல்களை என்ன செய்வது? திறந்து விடுங்கள் என்பேன். எந்த நூலகத்தில் எந்த ஆண்டு யார் எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்று உட்கார்ந்து கண்டுபிடிக்கும் பொறுமைக்குத்தான் கூலி. நிரல் அதில் சின்னப் பங்கு.

நான்காம் படி: கணக்கு

இவை கணக்குக்காக எடுத்த எண்கள், உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு கல்லூரி 40,000 ரூபாய். 15 கல்லூரி பிடித்தால் 6 லட்சம். இரண்டு பேருக்கு மாதம் 20,000 வீதம் சம்பளம் 4,80,000. மீதி 1,20,000. சர்வர், பஸ், ஆடிட்டர், வாடகை போனால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. 30 கல்லூரி, மூன்று பேர் என்றால் வரவு 12 லட்சம், சம்பளம் 7,20,000. அப்போதுதான் மூச்சு விட முடியும். அதுவரை வண்டியை ஓட்டுவது தரவு மாற்றத்துக்கு வாங்கும் ஒரு முறைக் கட்டணம். ஆகவே புதுக் கல்லூரி பிடிக்கும்போது பராமரிப்பைக் குறைத்து, தரவு மாற்றத்துக்கு முழு விலை கேளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, தரவு மாற்றத்தை இலவசமாக்கிச் சிக்கிக்கொள்கிறார்கள்.

"தம்பி, நெட்ல சும்மா கெடைக்கிறதுக்கு எதுக்குப் பில்லு?" என்ற கேள்வி நிச்சயம் வரும். தத்துவம் பேச வேண்டாம். எந்தெந்த வேலைக்கு எவ்வளவு நாள் என்று வரிவரியாக எழுதிய ஒரு தாளை நீட்டுங்கள். 2015-லேயே மத்திய அரசு தன் அலுவலகங்களில் ஓப்பன் சோர்ஸைப் பயன்படுத்துவதற்கான கொள்கையை வெளியிட்டது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம், நிர்வாகக் குழுவில் யாராவது நம்பகத்தன்மை பற்றிக் கேட்டால் உதவும்.

ஐந்தாம் படி: பதிவு

தனியாளாகத் தொடங்கலாம், ஆனால் இரண்டு பேர் இருந்தால் எல்எல்பி (பொறுப்பு வரம்புள்ள கூட்டாண்மை) நல்லது. பிரைவேட் லிமிடெட்டுக்கு வரவு எவ்வளவு இருந்தாலும் ஆண்டுத் தணிக்கை கட்டாயம். எல்எல்பிக்கு விற்றுமுதல் 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினால்தான். அதற்காகப் படிவம் போடாமல் இருந்துவிடாதீர்கள். படிவம் 11-ஐ மே 30-க்குள்ளும், படிவம் 8-ஐ அக்டோபர் 30-க்குள்ளும் போட வேண்டும், தவறினால் நாள் கணக்கில் அபராதம் ஏறும். வெளி முதலீடு வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பிரைவேட் லிமிடெட். இந்தத் தொழிலுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது என்பது என் கணிப்பு.

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், விகிதம் 18%. கல்லூரிகள் பொதுவாக அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அவர்களுக்கு அது கைச்செலவு. எனவே வரம்புக்குள் இருக்கும்வரை அவசரப்பட்டுப் பதிவு செய்ய வேண்டாம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், முதல் நாளே போட்டுவிடுங்கள். அது இருந்தால், ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்று சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். அந்தச் சட்டத்தைக் காட்டி ஒரு கல்லூரித் தாளாளரோடு சண்டை போடப்போவதில்லை, சரி. ஆனாலும் பில்லின் அடியில் ஒரு வரி அச்சடித்து வைப்பதில் நஷ்டம் இல்லை. அரசுக் கல்லூரிகளுக்கு, அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: பெயரில் கை வைக்காதீர்கள்

திட்டத்தின் பெயரைக் கம்பெனிப் பெயரில் ஒட்டாதீர்கள். நிரல் பொது, பெயர் பொது இல்லை. வேர்ட்பிரஸ் பெயர் 2010 முதல் வேர்ட்பிரஸ் அறக்கட்டளையின் வசம் இருக்கிறது, இணைய முகவரியில் அந்தப் பெயரைச் சேர்ப்பதை அவர்கள் அனுமதிப்பதில்லை. 'கோஹாவுக்குச் சேவை தருகிறோம்' என்று சொல்லலாம். 'கோஹா இந்தியா' என்று பலகை மாட்டக் கூடாது. உங்களுக்கென்று ஒரு பெயர் வைத்து, அதற்கு வணிகக் குறி விண்ணப்பியுங்கள். மென்பொருளுக்கு வகுப்பு 9, சேவைக்கு 42. சிறு நிறுவனம் ஆன்லைனில் போட்டால் வகுப்புக்கு 4,500 ரூபாய்.

பெயரில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோஹாவின் வரலாறே சாட்சி. அமெரிக்காவில் லிப்லைம் என்ற கம்பெனி கோஹாவுக்கு நிறையச் செய்தது, திட்டத்தின் இணைய முகவரியும் அதன் கையில்தான் இருந்தது. 2009-ல் அது தன் வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு தனிப் பதிப்பைக் கொண்டுவந்தபோது உறவு முறிந்தது. சமூகம் புது முகவரி தொடங்கி மொத்தமாக இடம் மாறிவிட்டது. பிறகு அந்தக் கம்பெனியின் தரப்பு நியூசிலாந்தில் கோஹா என்ற பெயருக்கே வணிகக் குறி கேட்டது. 2011-ல் விஷயம் வெளியே வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது, கடைசியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நிரலும் ஆட்களும் இருக்கும் இடத்துக்குத்தான் வாடிக்கையாளர்களும் போவார்கள். 2010-ல் ஓப்பன் ஆபிஸிலிருந்து லிப்ரே ஆபிஸ் பிரிந்ததும், 2023-ல் சர்வர் அமைப்புக் கருவியான டெராஃபார்மின் உரிமத்தை அதன் கம்பெனி மாற்றியதும் ஓப்பன்டோஃபு என்ற பிரிவு முளைத்ததும் இதே ரகம்.

ஏழாம் படி: ஒப்பந்தங்கள்

ஊழியர் வேலைக்காக எழுதும் நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமைச் சட்டப்படி கம்பெனியே சொந்தக்காரர். வெளியாளிடம் காண்ட்ராக்டில் எழுதி வாங்கினால் அப்படி இல்லை, எழுத்தில் மாற்றித் தர வேண்டும். அந்தத் தாளில் காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உலகத் திட்டத்துக்கு ஐந்தாண்டு இந்திய உரிமையை வைத்துக்கொண்டு பேட்ச் அனுப்ப முடியாது. ஆகவே 'நிரந்தரம், உலகம் முழுவதும்' என்று எழுதுங்கள். கல்லூரியோடு போடும் ஒப்பந்தத்தில், அவர்களுக்காகச் செய்த மேம்பாடுகளை மூலத் திட்டத்துக்கு (சமூகம் வளர்க்கும் கோஹாவுக்கு) அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி வேண்டும். தரவு அவர்களுடையது, கேட்ட ஒரு வாரத்தில் முழு நகலும் தரப்படும் என்று இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரி தாளாளரின் கண்ணில் பட்டால் பாதி பேரம் முடிந்த மாதிரி. யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதும் தனிநபர் தரவுதான், 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும்.

எட்டாம் படி: மூலத் திட்டத்துக்கு மகமை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். செட்டிநாட்டு வணிகர்கள் கோயிலுக்கும் பொதுக் காரியத்துக்கும் உரிய மகமையை, லாபம் பார்த்து மனம் வந்தால் தருவது என்று வைக்கவில்லை. பேரேட்டில் தனிக் கணக்காக எழுதி ஒதுக்கினார்கள். மூலத் திட்டத்துக்குச் செலவிடும் நேரத்தையும் அப்படி எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரத்தில் ஒரு நாள் என்று தொடங்கலாம். மற்றவர்களின் பேட்ச்சுக்குச் சோதனை, ஆவணம், மொழிபெயர்ப்பு, பிழைத் திருத்தம், எதுவானாலும் சரி.

தர்மத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு கல்லூரிக்காக நீங்கள் செய்த மாற்றத்தை உங்களிடமே வைத்திருந்தால், ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் அதை மறுபடி பொருத்த வேண்டும். பத்துக் கல்லூரிக்குப் பத்து மாற்றம் என்றால் மூன்றாவது ஆண்டில் அதுவே முழு நேர வேலையாகிவிடும். மூலத்தில் ஏற்றிவிட்டால் பராமரிப்பு எல்லோர் தலையிலும் பகிர்ந்து போகிறது. சமூகம் ஏற்க மறுத்தால்? பெரும்பாலும் காரணம் இருக்கும். வசதியை உள்ளூருக்கென்று குறுக்காமல் அமைப்புகளில் திறந்து மூடும்படி எழுதினால் பாதி மறுப்பு விலகும். அப்படியும் நடக்காவிட்டால், கோஹாவில் செருகுநிரலாகச் செய்துகொள்ள வழி இருக்கிறது.

ஒன்பதாம் படி: நடத்துவது

கோஹாவின் பெரிய பதிப்புகள் ஆண்டுக்கு இரண்டு, மே மாதமும் நவம்பரும். நம் கல்லூரிகள் திறப்பது ஜூனில். புதிதாக வந்த மே பதிப்பை ஜூனில் ஏற்றுவது வினையை விலைக்கு வாங்குவது. முந்தைய நவம்பர் பதிப்பு ஐந்தாறு மாதத் திருத்தங்களோடு பக்குவப்பட்டிருக்கும். கோடை விடுமுறையில் அதை ஏற்றுங்கள். மேம்படுத்தும்போது தரவுத்தள அமைப்பே மாறும், பின்னால் வர முடியாது. அதனால் காப்பு நகல் எடுத்தால் மட்டும் போதாது, அதை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

பத்தாம் படி: ஆட்கள்

அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் நல்ல பிள்ளைகள் கிடைப்பார்கள். இரண்டு ஆண்டில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவார்கள் என்பதும் தெரிந்ததே. சென்னைச் சம்பளத்தோடு மல்லுக்கட்ட முடியாது. நீங்கள் தரக்கூடியது, உலகம் பார்க்கும் நிரலில் அவர்கள் பெயர். பேட்ச்சுகளைக் கம்பெனியின் பொதுக் கணக்கிலிருந்து அனுப்பாமல் அவரவர் பெயரிலேயே அனுப்ப விடுங்கள். இதனால் வேறு கம்பெனிக்காரர்கள் அவர்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கண்டுபிடிக்கட்டும். பெயர் வெளியே தெரிகிற இடத்தில்தான் அடுத்த ஆண்டும் நல்ல பிள்ளைகள் வந்து கேட்பார்கள். போகிறவர் எந்தக் கல்லூரிக்கு என்ன மாற்றம் செய்தார், கடவுச்சொற்கள் எங்கே, காப்பு நகல் எந்த நேரம் ஓடுகிறது என்பதைக் கடைசி மாதத்தில் எழுதி வாங்க முயலாதீர்கள், கிடைக்காது. கல்லூரிக்கு ஒரு குறிப்பேடு என்று முதல் நாளிலிருந்தே வைத்து, மாற்றம் செய்த அன்றே அதில் எழுத வையுங்கள். அவரே வெளியே போய்த் தேவகோட்டையில் இன்னொரு கோஹா கம்பெனி தொடங்கினால் எதிரியாகப் பார்க்க வேண்டாம். கல்லூரிகள் மூன்று விலைப்புள்ளி கேட்கும்போது இரண்டாவதாக ஒருவர் இருப்பது உங்களுக்கே வசதி, உங்கள் பேட்ச்சுக்கு வேறு கம்பெனியிலிருந்து கையெழுத்துப் போடவும் பக்கத்திலேயே ஒரு ஆள் கிடைத்துவிடும்.